கும்ரி போட்ட பிண்ணாக்கு

மண்வெட்டியின் பின்பக்கத்தால் கும்ரி பிண்ணாக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. எண்ணெய் ஆலையிலிருந்து வரும்போது பலகை போலக் கெட்டியாக இருக்கும். பசுவுக்கு என்றால் நாலு அடி போதும், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அன்று அவள் உடைத்த துண்டுகளை மறுபடி கல்லுரலில் போட்டு இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, ஒட்டியிருந்த பஞ்சு இழைகளை விரலால் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். அறுபது வயதில் பசுவுக்காக இத்தனை பாடு படுகிறவள் இல்லை அவள். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

"யாருக்கு இந்த உபசாரம்?"

"சத்தம் போடாதே. கோழிக்கு."

"உன் மக மவ்ஜூதா கூடாதுன்னு சொன்னாளே?"

"அவ சொல்வா. முட்டை கொடுக்கப் போயிருக்கா, வர அரை மணி ஆகும். நீ பாட்டுக்குத் துணியைக் காயப்போடு."

சலித்த தூளை, மகள் கலந்து வைத்திருந்த தீவன மூட்டைக்குள் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள். மக்காச்சோள நொய்யும் கோதுமைத் தவிடுமாக இருந்த மூட்டையில் பிண்ணாக்குத் தூள் போன இடம் தெரியவில்லை. பிறகு மூட்டையின் வாயை மகள் போட்டிருந்த அதே முடிச்சாகப் போட்டாள். அந்த முடிச்சைப் பழக இரண்டு நாள் ஆயிற்றாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

கும்ரியை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். கோனிபோதோம் பக்கத்துப் பருத்திக் காடுகளில் ஒரே குழுவில் குனிந்து நிமிர்ந்தவர்கள் நாங்கள். எடை போடுகிறவன் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது, அந்த விரலிலேயே கோணி ஊசியால் குத்தியவள் அவள். சோவியத் போய், தெற்கே சண்டை நடந்த வருஷங்களில் எங்களுக்கு மாவு வண்டி வரவில்லை. ஆலையில் கூலிக்குப் பதிலாகப் பிண்ணாக்குப் பலகை கொடுத்தார்கள். அதைத் தின்றுதான் அவள் பசு பால் கொடுத்தது. மாவு தீர்ந்த மாதத்தில் அந்தப் பிண்ணாக்கையே இடித்துச் சலித்து, தவிட்டோடு பிசைந்து ரொட்டி தட்டினாள். நானும் தின்றிருக்கிறேன். தொண்டையில் பஞ்சு இழை மாட்டும். வயிறு இரண்டு நாள் கல்லாகக் கிடக்கும். ஆனால் அவள் மகன் சைத்முராதும் கைக்குழந்தையாக இருந்த மவ்ஜூதாவும் பிழைத்தார்கள். எதிர் வீட்டில் இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பருத்திப் பிண்ணாக்கைப் பற்றி யார் குறை சொன்னாலும் கும்ரியின் காதில் ஏறாது. புருஷன் செத்த பிறகு வீட்டில் அவள் பேச்சு செல்லுபடியான இடம் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான்.

மவ்ஜூதா போன இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தாள், மூன்று வயதுப் பெண் பரீயோடு. புருஷனுக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. ஏழு வருஷத்தில் மூன்று தடவை ஊருக்கு வந்தான். கடைசியில் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. தலாக், தலாக், தலாக். அப்புறம் ஒரு இருமல்.

"அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் சித்தி?" என்று என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

வீடு இப்போது சைத்முராதுடையது. கெட்டவன் இல்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிறான், நாலு பிள்ளைகள், இப்போது இன்னும் இரண்டு வாய். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தங்கையை உட்காரவைத்துப் பேசினான்.

"காலிக் அகாவுக்குச் சிமெண்ட் கடை இருக்கு. முதல் சம்சாரம் சீக்காளி. உன்னை ரெண்டாவதா கட்டிக்கிட்டு, தனி வீடு வெச்சுப் பார்த்துப்பார்."

"பரீயை?"

"குழந்தை வேண்டாங்கறார். அது இங்கே அம்மாகிட்ட வளரட்டும்."

"நான் இல்லாம அவ ஒரு நாள் தூங்கினதில்லை அண்ணா."

"நான் நாலு பிள்ளைக்கு ரொட்டி எங்கேன்னு யோசிச்சுத் தூங்காம கிடக்கேன். அதைக் கேட்க யாருமில்லை."

ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நோன்புப் பெருநாள் வரைக்கும் தவணை. அதற்குள் தனக்கும் பிள்ளைக்கும் ஆகிற மாவை மாதாமாதம் அவளே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், அவன் காலிக் பெயரை எடுப்பதில்லை. இல்லையென்றால் அவள் போகவேண்டும், பரீ இல்லாமல். மவ்ஜூதா காதில் கிடந்ததைக் கழற்றி விற்று, முட்டையிடும் பருவத்துக்குக் கொஞ்சம் முந்தின பெட்டைகள் அறுபது வாங்கினாள்.

எங்கள் ஊரில் கோழி வளர்க்காத வீடு கிடையாது. கோழிக்கென்று தீவனம் வாங்கின வீடும் கிடையாது. தட்டில் மிஞ்சியது, களத்தில் சிந்தியது, ஒரு பிடி தவிடு, அவ்வளவுதான். அப்படி வளர்ந்த கோழி தனக்குத் தோன்றினால் முட்டையிடும், குளிர் வந்தால் வசந்தம் வரை கடையைச் சாத்திவிடும். மாவு மூட்டைக்குக் கோழியை நம்புகிறவளுக்கு அது போதாது. சந்தையில் யாகூப் தீவனக் கடை வைத்திருந்தார். கால்நடை வைத்தியம் படித்து, வேலை கிடைக்காமல் கடையில் உட்கார்ந்தவர். அவர் சொன்னதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். குஞ்சுக்கு ஒன்று, வளர்கிற பெட்டைக்கு ஒன்று, முட்டையிடுகிறதுக்கு வேறொன்று. சுண்ணாம்புக்கல் நொறுக்கை முட்டை தொடங்கும்போதுதான் வைக்கவேண்டும், முந்திக்கொண்டால் சிறுநீரகம் போய்விடும். மக்காச்சோளம் பாதி, கோதுமை, சூரியகாந்திப் பிண்ணாக்கு, கொஞ்சம் மீன் தூள். அளந்து, கலந்து வைத்து, அன்றைக்கானதை அன்றைக்கு எடுத்துப் போடவேண்டும்.

"மீன் தூளா?" என்றாள் கும்ரி. "கடல் இல்லாத ஊர்ல கோழிக்கு மீனு! மனுஷனுக்குக் கறி இல்லை."

"கோழி தின்னதுதாம்மா முட்டையா வரும்."

"அப்போ நீ தின்னதெல்லாம் என்னவா வந்துது?"

"அதோ, மூக்கு ஒழுக நிக்குது பாரு."

பரீ தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்து சிரித்தது. கும்ரியும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"சூரியகாந்திப் பிண்ணாக்குக்குச் சந்தைக்கு ஓடறே. பருத்தி நம்ம கொட்டகையில நாலு மூட்டை கிடக்கு. பிண்ணாக்குன்னா பிண்ணாக்குதானே?"

"பருத்தி ஆகாதாம். யாகூப் அகா ரெண்டு தடவை சொன்னார். அதுல ஒரு விஷம் இருக்காம். மாடு தாங்கும், கோழிக்கு ஒத்துக்காது."

"விஷமா? அந்த விஷத்தைத் தின்னுதான்டி நீ முப்பது வயசு வந்திருக்கே. எந்தப் படிச்சவன் வந்து அப்போ உனக்கு ரொட்டி தட்டினான்?"

மவ்ஜூதா நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். தான் ஜெயித்துவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் சந்தைக்குச் சூரியகாந்திப் பிண்ணாக்கு வரத்து நின்றுபோனது. மவ்ஜூதா இருந்ததைப் பாதியாகக் குறைத்துப் போட்டாள். இருபத்தாறு முட்டை வந்துகொண்டிருந்த இடத்தில் பதினெட்டு வந்தது. மகள் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கும்ரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள்தான் நான் மதில் மேலாக அவளை உரலும் சல்லடையுமாகப் பார்த்தது.

என்ன சொல்ல, முட்டை ஏறிவிட்டது. பத்து நாளில் முப்பதைத் தாண்டியது. மவ்ஜூதா நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே ஓடிவந்தாள். "சித்தி, நான் சுண்ணாம்புக்கல்லைத் தனிச் சட்டியில மாத்தி வெச்சேன், அதான் போல!" என்றாள். அவள் பின்னால் வாசற்படியில் நின்ற கும்ரி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. மகள் பிழைக்கிறாள், தன் கையால் பிழைக்கிறாள், அது மகளுக்கே தெரியாது. அதில் ஒரு ருசி கண்டுவிட்டாள் அவள்.

நிஷால்லோ செய்கிற உஸ்தா நுஸ்ரத் தானாகவே ஆள் அனுப்பினார். நோன்பு மாதத்தில் மட்டும், முட்டையின் வெண்கருவையும் சர்க்கரைப் பாகையும் கொப்பரையில் மணிக்கணக்காக அடித்துச் செய்கிற இனிப்பு அது. பாலைவிட வெளுப்பாக நிற்கவேண்டும். பண்ணை முட்டையின் வெண்கரு நீர்த்துப்போகிறது என்று, வீட்டுக் கோழி முட்டையாக நோன்பின் முதல் வாரத்துக்கு முந்நூறு கேட்டார். நன்றாக இருந்தால் மாதம் முழுக்க வாங்குவேன் என்றார். அது நடந்தால் மாவு வந்த மாதிரிதான். மவ்ஜூதா அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, தினம் பதினைந்து முட்டையை நிலவறையின் குளிரில் வைக்கோல் பரப்பி அடுக்கினாள். இருபது நாள். அடுக்கும்போது பரீயையும் கூட்டிப்போய் ஒவ்வொரு முட்டைக்கும் "இது உன் ரொட்டி, இது என் ரொட்டி" என்று சொல்லிக்கொடுத்தாள்.

நோன்புக்கு முந்தின நாள் நாங்கள் மூன்று பேரும் வாளிகளில் சுமந்துகொண்டு போனோம். உஸ்தா நுஸ்ரத் முற்றத்தில் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்திருந்தார். ஒரு முட்டையை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்தார். வெண்கரு கறி கழுவின தண்ணீர் போலச் சிவந்திருந்தது. மஞ்சள் கருவில் மஞ்சளே இல்லை. குட்டைப் பாசி நிறம். அவர் முகர்ந்து பார்த்தார். இன்னொன்றை உடைத்தார். வேறு வாளியிலிருந்து எடுத்து உடைத்தார். பத்து உடைத்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி இது?"

"தெரியலை உஸ்தா. நேத்து நான் சாப்பிட்டது நல்லாத்தான் இருந்தது."

"நாத்தமில்லை. கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நாள் பூரா நோன்பு இருந்து வர்றவன் முன்னால ரத்தக் கலர்ல ஒரு இனிப்பை வெச்சேன்னா, இந்தக் கொப்பரையை என் தலையிலயே கவுத்துட்டுப் போவான். எடுத்துட்டுப் போம்மா."

சர்க்கரை உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், எங்கள் காதில் விழுகிற மாதிரியே: "புருஷன் தள்ளினவ கை பட்டா முட்டை கூட நிறம் மாறுது பாரு."

மவ்ஜூதா நேராக யாகூப் கடைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அவர் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"பருத்திப் பிண்ணாக்கு போட்டிருக்கே."

"இல்லை அகா."

"போட்டிருக்கே. குளிர்ல நாலு நாள் கிடந்தா இப்படித்தான் ஆகும். முட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"என் குழந்தை மேல ஆணையா நான் போடலை. என் மூட்டை, என் கை, நான்தான் கலக்கறேன். அப்போ எங்கேர்ந்து வந்தது? சரக்கு உங்க கடைச் சரக்கு." அவள் குரல் ஏறியது. "சூரியகாந்தி கிடைக்கலைன்னு நீங்கதான் இதைக் கலந்து வித்திருக்கீங்க. விஷம்னு என்கிட்டயே சொல்லிட்டு என் தலையிலயே கட்டியிருக்கீங்க!"

சந்தை கூடிவிட்டது. நான் கும்ரியைப் பார்த்தேன். அவள் வாளியின் கைப்பிடியைத் தலைத்துணியின் முனையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

யாகூப் கத்தவில்லை. வெளுத்துப்போயிருந்தார். "இருபது வருஷமா இங்கே உட்கார்ந்திருக்கேன். ஒரு பிடி கலப்படம்னு யாரும் சொன்னதில்லை. நோன்பு நாளைக்கு. என் வாயால எதுவும் வரவேண்டாம். போம்மா. இனிமே இந்தப் படி ஏறாதே."

திரும்பும் வழியில் கும்ரியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"சொல்லிடு. இப்பவே. யாகூப் நல்ல மனுஷன், தீவனம் கொடுத்துடுவார். இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"சொன்னா?"

"சொன்னா என்ன? திட்டுவா."

"அந்த வீட்ல என் முகத்தைப் பார்த்துப் பேசறவ அவ ஒருத்திதான்," என்றாள் கும்ரி. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். தினம் அதன் மேலாகத்தான் உப்பும் தீப்பெட்டியும் போய்வருகின்றன. அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் போன விதத்தை நீட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை. கும்ரி உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பருத்திப் பிண்ணாக்கும் நின்றது, சூரியகாந்தியும் இல்லை. மவ்ஜூதா பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு மூட்டை வாங்கிவந்தாள். கடைக்காரன் கோழித் தீவனம் என்றுதான் கொடுத்தான். அது கறிக்கோழிக்கானது. பெட்டைகள் தின்று தின்று உருண்டன. அடிவயிறு கொழுத்து, சுவரோரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவில்லை. முட்டை பன்னிரண்டாயிற்று, பிறகு ஏழு. அந்த ஏழையும் வாங்க ஆள் இல்லை. "பச்சை முட்டைக்காரி" என்று தெருவில் பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் தப்பு செய்தோம் என்று விரலை வைத்து வைத்துப் படிப்பாள். "ஏதோ ஒண்ணை நான் கவனிக்கலை சித்தி" என்பாள். கும்ரி அந்த நேரத்தில் பசுவைப் பார்க்கப் போய்விடுவாள். நாளுக்கு ஏழெட்டு தடவை பசுவைப் பார்த்தாள். பெருநாள் நெருங்கியதும் சைத்முராத் கோழிகளைக் கறிக்கு விற்றான். நல்ல விலை போயிற்று, கொழுப்பு இருந்ததே. மிச்சம் நாலு.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலிக்கின் அக்கா வந்தாள், துணியில் சுற்றிய இரண்டு ரொட்டியோடு. பெரியவர் ஒருவர் அந்த ரொட்டியைப் பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அந்த வார்த்தையை யாரும் திருப்பி எடுப்பதில்லை. சைத்முராத், அவன் மனைவி, கும்ரி, நான், எதிரே அந்த அம்மாள். மவ்ஜூதா பரீயை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஒரு சுற்று வந்தது. சைத்முராத் பிஸ்மில்லா சொல்லி ரொட்டியைக் கையில் எடுத்தான்.

"இரு," என்றாள் கும்ரி.

அவன் நிமிர்ந்தான்.

"அந்தப் பருத்திப் பிண்ணாக்கை நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது. இடிச்சு, சலிச்சு, மூட்டையில கலந்தேன். ஒரு மாசம் போட்டேன். யாகூப் மேலயும் தப்பு இல்லை, அவ கையிலயும் தப்பு இல்லை."

"என்ன சொல்றாங்க?" என்று காலிக்கின் அக்கா என்னிடம் கேட்டாள்.

"கோழி விஷயம்," என்றேன்.

"அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடு," என்றாள் கும்ரி மகனிடம். "யாகூப்கிட்ட நான் போய் மண்டியிடறேன். அவ சரியாத்தான் செஞ்சா. நான்தான் கெடுத்தேன். என் ரொட்டியைக் குறைச்சுக்கோ."

சைத்முராத் அம்மாவைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ரொம்ப களைத்துப்போனவன் பார்க்கிற மாதிரி.

"ஒரு மாசம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா, நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலைம்மா. இப்போ கோழி எங்கே? நாலு இருக்கு. நான் வார்த்தை கொடுத்துட்டேன். வீட்டுக்கு வந்தவங்க உட்கார்ந்திருக்காங்க."

ரொட்டியைப் பிட்டான். சின்னத் துண்டுகளாகப் பிட்டுத் துணியின் மேல் வைத்தான். அவன் மனைவி எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று வந்தது. தின்றேன். வேறென்ன செய்வது.

மவ்ஜூதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"மவ்ஜூதா," என்றாள் கும்ரி. "ஏதாவது சொல்லுடி. யாகூபைத் திட்டினியே, அப்படித் திட்டு. சந்தைக்குக் கேட்கிற மாதிரி திட்டு. நல்லதுன்னு நெனச்சுத்தான்டி போட்டேன்."

மவ்ஜூதா தன் பங்கு ரொட்டியைப் பரீயின் கையில் கொடுத்தாள். எழுந்து வந்து குழந்தையைக் கும்ரியின் மடியில் உட்காரவைத்தாள். குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்தாள்.

"மவ்ஜூதா, என்னைப் பாரு. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லு."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.